பேப்பரை வெட்டுங்கோ, ஆக்களை வெட்டாதேங்கோ

2022 நத்தாருக்கு அம்மம்மாவுக்கு என்ன குடுக்கிறது என்று நாங்கள் மூன்று பேரும் கூடிக் கதைத்தபோது ஆளுக்கொரு யோசனை இருந்தது. காசுதான் ஒருத்தரிட்டையும் இல்லை. அந்த வருடத்தைப் பற்றி நாங்கள் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. மார்ச்சில் பேப்பர் தட்டுப்பாடு என்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டவங்கள். கொப்பி விலை கேட்டாலே பெரியம்மாவுக்குத் தலையிடி வரும். அப்படியான ஒரு வருடத்தில், எங்களில் சின்னவள் வந்து "ஸ்கிராப்புக் பக்கம் ஒண்டு செய்து குடுப்பம்" என்றாள்.

அவள் பார்க்கிற வீடியோக்களில் இது நல்ல சுகமான வேலை. பன்னிரண்டு அங்குலத் தடித்த மட்டை, அதற்குத் தோதாகப் பூப்போட்ட தாள், வளைவாக வெட்டுகிற மெசின், ஒட்டினால் கழராத பசை எல்லாம் மேசையில் அடுக்கி இருக்கும். எங்களிட்ட இருந்தது ஒரு வெள்ளைப் பிறிஸ்டல் போர்ட், அரைப் போத்தல் பைண்டர் கம், இரண்டு கத்தரிக்கோல். அதில் ஒன்று பெரியம்மா மீன் செட்டை வெட்டுகிறது.

ஆனால் பேப்பர் இருந்தது. அம்மம்மாவின்ர மெத்தைக்குக் கீழே.

எங்கட வீட்டில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. மாமா பிரான்சில் இருந்து நத்தாருக்கு அனுப்புகிற பார்சல் வந்தால் அம்மம்மா அதை ஒருத்தரையும் பிரிக்க விடமாட்டா. சவர்க்காரம், சொக்கிளேற், சுவெற்றர் என்று ஒவ்வொரு சாமானையும் மாமா தனித்தனியாகக் கிப்ட் பேப்பரில் சுத்தித்தான் அனுப்புவார். யாழ்ப்பாண வெயிலுக்கு ஏன் சுவெற்றர் என்று நாங்கள் கேட்டதே இல்லை. அம்மம்மா நகத்தால் ரேப்பை மெல்லக் கிளப்பி, பேப்பர் கிழியாமல் எடுத்து, உள்ளங்கையால் நீவி, நாலாக மடிச்சு மெத்தைக்குக் கீழ வைப்பா. சொக்கிளேற் ஒரு கிழமை நிற்காது. பேப்பர் இருபது வருடமாக அங்கேயே கிடந்தது.

அவ பின்னேரப் பூசைக்குப் போன நேரம் நாங்கள் மெத்தையைக் கிளப்பினோம். களவு என்று சொன்னால் களவுதான். சிவப்பில் நத்தார் பாப்பா தலைகள், பச்சையில் தங்கக் கோடு போட்ட இலைகள், கட்டம் போட்டது, சால்வை கட்டின பெங்குவின்கள், இடைவெளியே இல்லாமல் பிரெஞ்சில் 'ஜுவாயே நோயெல்' என்று எழுதித் தள்ளினது. ஒவ்வொன்றும் மடுத் திருவிழாச் சனம் மாதிரி நெருக்கம். கண் வைக்க ஒரு இடம் கிடையாது. எங்களுக்கு அப்போது அது பெரிய புதையலாகத்தான் பட்டது.

படம் எது என்பதில் ஒரு விவாதமும் இல்லை. 2003 நத்தார். சமாதான ஒப்பந்தம் வந்து ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில் மாமா ஒரே ஒருதரம் ஊருக்கு வந்து போனவர். வீட்டு விறாந்தையில் பாலன் குடிலுக்கு முன்னால், சவுக்குக் கொப்பில் பஞ்சு ஒட்டின நத்தார் மரத்துக்குப் பக்கத்தில், பதினொரு பேர். மூலையில் கமரா அடித்த செம்மஞ்சள் திகதி. எங்களில் ஒருத்தன் பெரியம்மாவின்ர இடுப்பில், ஒருத்தி அப்பாவின்ர தோளில், சின்னவள் அம்மாவின்ர வயித்துக்குள்ள. மாமா நடுவில், அம்மம்மாவின்ர தோளில் கை போட்டபடி. அதற்குப் பிறகு அவர் வரவில்லை. 2020 ஏப்ரலில், கொரோனாவில், பாரிசில் செத்துப்போனார். செத்தவீட்டுக்கு 20 பேருக்கு மேல் அங்கே விடவில்லை. நாங்கள் வைபரில் பார்த்தோம்.

முதல் பக்கத்தை இரவோடு இரவாகச் செய்தோம். பிறிஸ்டல் போர்ட் முழுக்க நத்தார் பாப்பா பேப்பரை ஒட்டி, ஓரத்துக்குத் தங்க இலைப் பேப்பர், மூலைக்கு மூலை பெங்குவின், நடுவில் படம். அல்பத்தில் ஒட்டிக் கிடந்த மூலப்படத்தை இழுத்தால் தோல் உரிஞ்சு வந்துவிடும் என்பதால் போனில் எடுத்து, அதே தபாலட்டை அளவில் பிரதி போட்டு வைத்திருந்தோம். பைண்டர் கம்மில் இருந்த தண்ணிக்குப் பேப்பர் அலை அலையாகச் சுருங்கினது. அது ஒரு அழகு என்று எங்களை நாங்களே சமாதானப்படுத்திக்கொண்டோம். போனில் படம் எடுத்துப் பார்த்தால் உண்மையிலேயே திறமாக இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவும் "அட, கடையில வாங்கினது மாதிரி" என்றா.

நத்தாருக்கு முதல் நாள் பின்னேரம், கரண்ட் போய் வந்த பிறகு, அம்மம்மாவின்ர மடியில் வைத்தோம்.

அம்மம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை விழுந்திருந்தது. ஒப்பரேசனுக்குத் திகதி தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. இது எங்களுக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததும் பக்கம் செய்ததும் வேறு வேறாகவே இருந்திருக்கிறது. அவ பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினா. மினுங்கல் பேப்பரில் ரியூப் லைற் பட்டுத் தெறிக்க, முகத்தைச் சுழிச்சு மற்றப் பக்கம் திருப்பினா. பிறகு விரலை வைத்துத் தேடத் தொடங்கினா. விரல் படத்தைத் தாண்டிப் போய், ஒரு நத்தார் பாப்பாவில நின்றது.

"இது ஆர், அவனே? தாடி விட்டுட்டானோ?"

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பெரியம்மாவும் சிரிச்சா. அம்மம்மா சிரிக்கவில்லை. உண்மையாகத்தான் கேட்டிருக்கிறா.

அந்த இரவு பூசைக்குப் போகும்வரைக்கும் நாங்கள் அந்தப் பக்கத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏன் படம் காணாமல் போச்சு? முதல் காரணம் வெட்கம் கெட்டதனமாக எளிது: அளவு. பேப்பரில் இருந்த நத்தார் பாப்பாவின்ர தலை அஞ்சு ரூபாய்க் குத்தியளவு. பதினொரு பேர் நிற்கிற படத்தில் மாமாவின்ர முகம் ஒரு கடலைப்பருப்பளவு. கண் பெரிய முகத்துக்குத்தானே முதலில் போகும். இரண்டாவது, நிறம். போனில் பக்கத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தோம். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிட்டன. படத்தில் எங்கட ஆக்களும் நத்தாருக்கு எடுத்த சிவப்புச் சீலை, பச்சைச் சேட்டுத்தான். ஆக்கள் எங்கே முடிகிறார்கள், பேப்பர் எங்கே தொடங்குகிறது என்று நல்ல கண் இருக்கிற எங்களுக்கே தெரியவில்லை. வெண்புரை உள்ள கண்ணுக்கு வெளிச்சம் பட்டால் கூசும், ஒன்றில் இருந்து ஒன்றைப் பிரிச்சுப் பார்க்கவும் கஷ்டம். பக்கத்து வீட்டு அக்கா பாராட்டினது பேப்பரைத்தான், படத்தை இல்லை என்பதும் அப்போதுதான் விளங்கினது.

இந்தப் பேப்பரில் ஒரு பிழையும் இல்லை. படம் போட்ட பரிசுத் தாள் பிறந்த கதையே ஒரு தற்செயல்தான். 1917 டிசம்பரில் அமெரிக்காவின் கான்சாஸ் சிற்றியில், பின்னாளில் ஹோல்மார்க் ஆன கடையை நடத்திய ஹோல் சகோதரர்களிடம் பரிசு சுற்றுகிற மெல்லிய வெறும் தாள் முடிந்துபோனது. கடிதஉறைக்குள் ஒட்டுவதற்கு வைத்திருந்த பிரெஞ்சுப் பூத்தாளை எடுத்து ஒன்று 10 சதம் என்று வைத்தார்கள், எல்லாம் விற்றுவிட்டது. உறையைத் திறக்கிற ஒரு நொடி பளிச்சென்று தெரிவதற்குச் செய்த தாள் அது. பரிசுப் பேப்பரும் அப்படித்தான், ஒரு நிமிசம் கத்திவிட்டுக் கிழிபடுகிற சாமான். ஒரு முகத்துக்குப் பின்னால் வருடக்கணக்காக அமைதியாக இரு என்று அதனிடம் கேட்டது நாங்கள்தான்.

திருநாள் சாப்பாடு முடிந்து, 26ஆம் திகதி திரும்பத் தொடங்கினோம். பேப்பருக்கு மேல ட்ரேசிங் பேப்பர் போட்டு மங்கலாக்கிப் பார்த்தோம். பெங்குவின் எல்லாம் பனிமூட்டத்துக்குள்ள நிற்கிற மாதிரி வந்தது. எங்களுக்குப் பிடிச்சது, ஆனால் மங்கலாகத் தெரிகிற ஒருத்தருக்கு மங்கலையே குடுக்கிறதா என்று விட்டுவிட்டோம். படத்தைச் சுற்றிக் கறுப்பு மட்டை வைத்தோம். துக்க நோட்டீஸ் மாதிரி இருந்தது. சின்னவள் அதை உடனே கழட்டினாள், ஒருத்தரும் ஒன்றும் கதைக்கவில்லை.

பிறகு, படத்தைப் பெருப்பிச்சு மாமாவையும் அம்மம்மாவையும் மட்டும் வெட்டி எடுப்போம் என்று பெரியவன் சொன்னான். இரண்டே முகம், ஒவ்வொன்றும் உள்ளங்கையளவு, சுற்றிவர வெள்ளை. வடிவமைப்பாகப் பார்த்தால் அதுதான் சரி, இப்பவும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் வெட்டினால் பெரியம்மா போவா. பாதி அப்பா போவார், அவர் தோளில் இருக்கிறவளின்ர கால் மட்டும் மிஞ்சும். அடுத்த அறையில் இருந்து அம்மம்மாவுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது.

"பேப்பரை வெட்டுங்கோ. ஆக்களை வெட்டாதேங்கோ."

இருபது வருடமாக ஒரு மூலை கிழியாமல் வைத்திருந்த மனுசி இதைச் சொன்னா.

அதனால் முழுப்படத்தையும் எட்டுக்குப் பத்து அளவில் ஸ்ரூடியோவில் போட்டு எடுத்தோம். பிறிஸ்டல் போர்ட்டைத் திருப்பி, ஒட்டாத வெள்ளைப் பக்கத்தில் படத்தை வலப்புறம் வைத்து, சுற்றிவர இரண்டு விரல் அகலத்துக்கு ஒன்றும் இல்லாமல் விட்டோம். அவ்வளவுதான் செய்தது, ஆக்கள் பின்னால இருந்து முன்னுக்கு வந்து நின்ற மாதிரி இருந்தது. பேப்பரை அரை அங்குலக் கீலங்களாக வெட்டி, இடப்பக்கம் ஏணிப்படி மாதிரி ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக அடுக்குவது என்று முடிவு. அரை அங்குலத்தில் நத்தார் பாப்பாவுக்கு ஒரு கண்ணும் கொஞ்சத் தாடியும்தான் தெரியும், முகமாகத் தெரியாது. சத்தம் தானாகக் குறைந்துவிட்டது. இந்தமுறை கம் இல்லை, டபள் ரேப்.

நாங்கள் கீலங்களை நிறப்படி அடுக்கினோம். சிவப்பு, பச்சை, நீலம், தங்கம். ஒட்டுவதற்கு முதல், இந்தமுறை புத்தி வந்து, அம்மம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினோம்.

அவ படத்தைப் பார்க்கவில்லை. கீலங்களில்தான் விரலை வைச்சா. தடவிப் பார்த்து, கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சுப் பார்த்து, ஒவ்வொன்றாக எடுத்து இடம் மாற்றத் தொடங்கினா. "இது சமாதான நேரம் முதல் வந்தது. இது அவன் கையில கொண்டு வந்தது. இது சுனாமி வருசம்." அந்தத் தங்க இலைப் பேப்பரை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தா. 2004 நத்தாருக்கு வந்த பார்சல். அடுத்த நாள் கடல் வந்தது. மணல்காட்டில் அவவுக்குச் சொந்தக்காரர் இருந்தவை.

எங்களுக்குப் பின்புலமாக இருந்த சாமான் அவவுக்கு நாட்காட்டியாக இருந்திருக்கிறது. மெத்தைக்குக் கீழேயும் அந்த ஒழுங்கில்தான் இருந்ததாம். நாங்கள் களவெடுத்த அன்று குழப்பிவிட்டோம். மெத்தையைத் தொட்ட உடனேயே தனக்குத் தெரியும் என்றா. நத்தார் நேரம் பிள்ளையளைப் பேசக்கூடாது என்று இருந்தவவாம்.

2005க்கு அடுத்ததாக நாங்கள் 2010ஐ வைக்கப் போனோம். கையைப் பிடிச்சா.

"இதில கொஞ்சம் இடம் விடுங்கோ. நாலு வருசம்."

2006 ஆகஸ்ட்டில் ஏ9 பாதை பூட்டுப்பட்டது. எங்களுக்கு அது பாடப்புத்தகத்தில் இல்லாத, பெரியாக்கள் கதைக்கேக்க காதில விழுகிற விசயம். சீனி என்ன விலை வித்தது, கப்பலுக்கு எத்தனை நாள் காத்திருந்தது என்று கேட்டிருக்கிறோம். எங்கட வீட்டுக்கு அந்த நாலு நத்தாரும் பார்சல் வரவில்லை என்பது எங்களுக்குத் தெரியாது. நாலு கீலத்துக்கு இரண்டு அங்குலம். அளந்து விட்டோம். பெரியவன் அதில் வருடத்தைப் பென்சிலால் எழுதப் போனான். "ஒண்டும் எழுத வேண்டாம்" என்றா.

பிறகு 2010இல் இருந்து 2019 வரைக்கும் ஒரு வருடம் விடாமல் பத்துக் கீலம். அதற்குக் கீழேயும் போர்ட்டில் மூன்று அங்குலம் மிச்சம் இருந்தது. சின்னவள் ஒரு தங்க நட்சத்திரம் வெட்டி வைத்திருந்தாள், அந்த இடத்தில் ஒட்ட என்று. கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். பிறகு அதைக் கொண்டுபோய்க் குடிலில் மாட்டினாள்.

பக்கம் இப்போது அம்மம்மாவின்ர கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் இருக்கிறது, ரியூப் லைற் நேரே படாத பக்கம். அடுத்த வருடம் ஒரு கண்ணுக்கு ஒப்பரேசன் முடிந்து வந்த அன்று அவ முதல் கண்டுபிடிச்சது அந்தப் படத்தில் அம்மாவின்ர சீலை பிழையாகக் கட்டியிருக்கிறது என்பதை. டபள் ரேப் எங்கட வெக்கைக்கு நிற்கவில்லை. 2013உம் 2016உம் ஏற்கனவே ஒரு முனை கிளம்பி நிற்கின்றன. மாற்றி ஒட்ட வேண்டும், எதால் என்று இன்னும் முடிவில்லை. வெட்டி மிஞ்சின துண்டுகளை நாங்கள் குப்பையில் போடக் கூட்டி வைத்தோம். அம்மம்மா அதைப் பொறுக்கி, நீவி, வருடப்படி அடுக்கி, திரும்ப மெத்தைக்குக் கீழ வைச்சிட்டா.