புன்னைக்காயல்ல வண்டியை நிறுத்தலாமா?

'கேரவன்'னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? ஷூட்டிங் ஸ்பாட்ல ஒரு பெரிய வண்டி, உள்ளே ஏ.சி.யில ஹீரோ, வெளியே வெயில்ல காஞ்சுகிட்டு நிக்கிற அசிஸ்டென்ட் டைரக்டர். அதானே? இன்னிக்கு நாம பேசப்போற கேரவன்ல ஹீரோ கிடையாது பாஸ். ரிட்டயர் ஆன ஒரு தாத்தா, பாட்டி. உள்ளேயே கட்டில், அடுப்பு, குட்டியா ஒரு டாய்லெட். வீட்டைச் சக்கரத்துல ஏத்திக்கிட்டு ஊர் ஊரா சுத்துறவங்க.

இதுல கில்லின்னா ஜெர்மனிக்காரர் குந்தர் ஹோல்டார்ஃப்தான். லுஃப்தான்ஸா விமான கம்பெனியில் இருந்தவர். அம்பது வயசைத் தாண்டினதும் வேலையை விட்டுட்டு, 1989-ல் ஒரு மெர்சிடிஸ் ஜீப்பைக் கிளப்பினார். வண்டிக்குச் செல்லப் பேரு 'ஓட்டோ'. அடுத்த வருஷமே கிறிஸ்டின் அவரோட சேர்ந்துக்கிட்டாங்க. பின்சீட்டைக் கழட்டிட்டு மெத்தை போட்டு, அதுலயே தூக்கம். ஆத்தங்கரையில் சமையல். 2010-ல் கிறிஸ்டின் புற்றுநோயில் இறந்துட்டாங்க. அவர் நிறுத்தலை. 2014-ல் வண்டி ஊர் திரும்பினப்போ மீட்டர்ல கிட்டத்தட்ட 9 லட்சம் கிலோமீட்டர்! ஓட்டோ இப்போ ஸ்டுட்கார்ட் மெர்சிடிஸ் மியூசியத்தோட சொத்து.

ஆனா எல்லாரும் ஹோல்டார்ஃப் மாதிரி ஓடிக்கிட்டே இருக்க மாட்டாங்க. அமெரிக்கா, கனடாவில் இப்படி வண்டியில் வாழுற பெரியவங்களுக்கு ஒரே ஒரு தலைவலி உண்டு. பனிக்காலம். வண்டிக்குள்ள இருக்கிற தண்ணிக் குழாயே உறைஞ்சு வெடிச்சுடும். அதனால அக்டோபர் வந்தா தெற்கே பார்த்து ஓட்டம்தான். இவங்களுக்கு அங்கே 'பனிப்பறவைகள்'னே பேரு. அரிசோனா பாலைவனத்துல குவார்ட்ஸைட்னு ஒரு ஊர். கோடையில சில ஆயிரம் பேர்தான் இருப்பாங்க. குளிருக்குப் பார்த்தா கண்ணுக்கெட்டின தூரம் வண்டிதான். பக்கத்துலயே அரசாங்க நிலம். செப்டம்பர் 15-லிருந்து ஏப்ரல் 15 வரைக்கும் நிறுத்திக்கலாம். பல வருஷமா சீசன் முழுக்க 180 டாலர்தான் வாங்கினாங்க. மத்த பொது நிலங்கள்ல பொதுவா 14 நாள் ஆனா கிளம்பிடணும். 'நோமேட்லாண்ட்' படம் பார்த்திருக்கீங்களா? 2021-ல் ஆஸ்கர் வாங்கிச்சே, அதுல வர்ற பாலைவனம் இதுதான். அதைப் பார்த்தா இன்னொண்ணும் புரியும். எல்லாரும் ஜாலிக்காக வண்டி ஏறலை. வீட்டு வாடகை கட்ட முடியாமப் போனவங்களும் அதுல நிறைய.

சரி, கதை எதுக்குன்னு கேக்குறீங்களா? ஒரு கற்பனை பண்ணுங்க. உங்க அப்பா ரிட்டயர் ஆகுறார். பி.எஃப். பணத்துல ஒரு டெம்போ டிராவலரை வாங்கி, முறைப்படி ஆர்.சி.யில் ஏத்தி, கட்டில் எல்லாம் போட்டுட்டார். அம்மாவும் ரெடி. கிளம்புறதுக்கு முன்னாடி உங்களைக் கூப்பிட்டு, "டேய், டிசம்பர், ஜனவரியில எங்கடா நிறுத்தலாம்? நல்ல இடமா பார்த்து வை"ங்கிறார். என்ன சொல்வீங்க?

நான் மேப்பை விரிச்சேன். கண்ணு நேரா புன்னைக்காயல்ல போய் நின்னுச்சு. பொதிகை மலையில் பிறந்த தாமிரபரணி கடல்ல சேருற இடம். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் மன்னார் வளைகுடா. ஜனவரியிலகூட பகல்ல 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். பனியே பார்க்காத இந்தக் கடற்கரையில், தூத்துக்குடியில் இருக்கிற பெரிய கோயிலுக்குப் பேரு பனிமய மாதா கோயில்னா பார்த்துக்குங்க! இதைவிட வேற என்ன வேணும்? பார்த்துட்டு வந்துடலாம்னு ஒரு சனிக்கிழமை கிளம்பிட்டேன்.

நீங்களும் போகணும்னா தூத்துக்குடியில திருச்செந்தூர் பஸ் ஏறுங்க. கையில அரைக் கிலோ மக்ரூன் கட்டாயம். முள்ளக்காடு தாண்டினா ரெண்டு பக்கமும் உப்பளம். வெள்ளை வெள்ளையா குவியல். அப்புறம் பழையகாயல், முக்காணி. தாமிரபரணிப் பாலம் தாண்டினா ஆத்தூர். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின வெத்தலை இந்த ஊரோடதுதான். வாழையும் கொடிக்காலுமா பச்சையா இருக்கும். அங்கிருந்து கிழக்கே பிரியுற ரோட்ல போகப் போக பச்சை குறைஞ்சு, மண்ணு வெளுத்து, காத்துல உப்பு வாடை ஏறும். அந்த ரோட்டு முடிவுலதான் புன்னைக்காயல்.

ஊரைச் சின்னதுன்னு நினைச்சுடாதீங்க. பதினாறாம் நூற்றாண்டுல போர்த்துக்கீசியரோட முத்துக்குளித்துறையில முக்கியமான ஊரு இது. அண்ட்ரிக் அடிகளார்னு நாம சொல்ற ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் இங்கேதான் தங்கி தமிழ் படிச்சார், ஆஸ்பத்திரி நடத்தினார். அவரோட 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்துல அச்சாச்சு. 1586-ல் வந்த 'அடியார் வரலாறு' இந்தப் புன்னைக்காயல்லயே அச்சானதுன்னு பலரும் சொல்றாங்க. குளிர்காலத்துக்கு மட்டும் வந்தவர் இல்லை மனுஷன். 1600-ல் சாகிற வரைக்கும் இந்தக் கரையிலதான் இருந்தார்.

கரைக்குப் போனேன். செம இடம்! முகத்துவாரத்துல தண்ணி ரெண்டு நிறமா கலக்குது. அக்கரையில் அலையாத்திக் காடு. இந்தப் பக்கம் வரிசையா ஃபைபர் படகு. அதுக்கு நடுவுல நல்ல அகலமா, மட்டமா, காலியா ஒரு மணல்வெளி. அப்பாவோட வண்டி அங்க நிக்கிறதை நான் மனசுக்குள்ள பார்த்தே முடிச்சுட்டேன். கதவைத் திறந்தா கடல்!

பக்கத்துல ஒரு பெரியவர் வலை பொத்திக்கிட்டிருந்தார். பேச்சு கொடுத்தேன்.

"அண்ணாச்சி, இந்த இடம் சும்மாதானே கெடக்கு? ஒரு வண்டிய ரெண்டு மாசம் நிறுத்துனா யாராச்சும் ஏதும் சொல்வாங்களா?"

வலையில இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "சும்மாவா கெடக்கு? தம்பி இப்பதான வந்திய. விடியக்காலம் வந்து பாருங்க, கால் வைக்க எடம் இருக்காது. வலை காயணும், மீன் கொட்டணும், கடல் மேல ஏறுனா வள்ளத்த எல்லாம் இங்கதான் இழுத்துப் போடணும்."

"அப்போ அந்த ஆத்து ஓரம்?"

இப்போதான் நிமிர்ந்தார். "எந்த மாசம் வருவாவ?"

"டிசம்பர்."

சிரிச்சுட்டார். "ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. வாடைக்காத்தும் மழையும் எப்ப எப்பன்னு நிக்கும். ஆத்துல வெள்ளம் வந்தா இந்த மணலு ஒரே ராத்திரியில எடம் மாறிரும். மணலே நிக்காத எடத்துல உங்க வண்டி நிக்குமாக்கும்?"

எனக்குப் பொளேர்னு அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. ஏன்னா அவர் சொல்றது வெறும் பேச்சு இல்லை. 2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கா? பக்கத்துல இருக்கிற காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 946 மில்லிமீட்டர் மழை. ஒரு வருஷத்துக்குப் பெய்யவேண்டியது ஒரே நாள்ல. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் நூத்துக்கணக்கான பயணிகளோட மாட்டிக்கிட்டு நின்னுச்சு. தாமிரபரணியில் வந்த அத்தனை வெள்ளமும் கடலுக்குப் போற வாசல் இந்தப் புன்னைக்காயல். நான் வந்த அதே ரோடு அறுந்து, ஊரே தீவு மாதிரி ஆயிடுச்சு. நான் அப்பா வண்டிக்குப் பார்த்து வெச்ச அந்த ஆத்தோரத்தை நினைச்சுப் பாருங்க. ரெண்டு பேருக்கும் அறுபது வயசு. ராத்திரி நேரம், வண்டிக்குள்ள தூக்கம்.

நம்ம தப்பு எங்க தெரியுமா? 'வின்டர்'ங்கிற வார்த்தையை அப்படியே இரவல் வாங்கிட்டோம். அரிசோனாவில் குளிர்காலம்னா காய்ஞ்ச வானம். நம்ம கிழக்குக் கரையில அக்டோபர்லிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த நேரம் ஆத்து முகத்துவாரத்துல போய் வண்டியை நிறுத்துறது, ரயில்வே கேட் போடுறப்போ தண்டவாளத்துல உக்கார்ற மாதிரி.

அப்போ எது சீசன்? அதுக்கான பதிலை இந்தக் கரை எப்பவோ சொல்லிடுச்சு. மாசி, பங்குனி. மழை போய், தென்மேற்குக் காத்து இன்னும் ஆரம்பிக்காத இடைவெளி. கடல் கண்ணாடி மாதிரி இருக்கும். முத்துக்குளிப்பு நடந்ததும் பெரும்பாலும் இந்த இடைவெளியிலதான். நடுராத்திரி கரைக்காத்துல பாய் விரிச்சுப் போவாங்க. மத்தியானம் கடல்காத்துல திரும்புவாங்க. அந்தச் சில வாரத்துக்கு மட்டும் வெறும் மணல்ல ஓலையாலேயே ஒரு நகரம் முளைக்கும். குளிகாரர், வியாபாரி, தரகர், சாப்பாட்டுக்கடைன்னு ஆயிரக்கணக்குல ஜனம். எதிர்க்கரையில, இலங்கை மரிச்சுக்கட்டியில, 1906-ல் நடந்த முத்துக்குளிப்புல அதிகாரியா வேலை பார்த்தவர் யாரு தெரியுமா? பின்னாடி வர்ஜீனியா உல்ஃபைக் கல்யாணம் பண்ணின லெனார்ட் உல்ஃப்! அங்கே நம்ம கரை ஆளுங்களும் போய்க் குளிச்சாங்க. முத்துக்குளிப்பு முடிஞ்சதும் நகரம் காணாமப் போயிடும். நம்ம பக்கம் 1961-க்கு அப்புறம் முத்துக்குளிப்பே நின்னுபோச்சு.

கவனிங்க, அந்த ஓலை நகரம் இஷ்டத்துக்கு முளைச்சது இல்லை. தெரு அளந்து போட்டாங்க. குடிதண்ணிக்கு ஏற்பாடு, ஆஸ்பத்திரி, போலீஸ் எல்லாம் வெச்சாங்க. ஏன்னா கூட்டத்துல காலரா புகுந்தா கதை முடிஞ்சுது. இன்னிக்கும் அதே பிரச்னைதான், சைஸ்தான் வேற. அப்பாவோட வண்டியில டாய்லெட் டாங்க் இருக்கே, அது சில நாள்ல நிறையும். அதை எங்கே காலி பண்ணுவார்? பாத்திரம் கழுவின தண்ணி எங்கே போகும்? இந்த அலையாத்திக் காட்டுலயா, இறாலும் நண்டும் குஞ்சு பொரிக்கிற இடத்துலயா? 'ப்ரீ பார்க்கிங்' தேடுறப்போ யாரும் இதைப் பேச மாட்டாங்க. கேரளா 2021-ல் 'கேரவன் கேரளா'ன்னு திட்டம் கொண்டுவந்தப்போ வண்டியோட சேர்த்து பார்க்கையும் யோசிச்சது இதுக்குத்தான். தண்ணி, கரன்ட், கழிவு எடுக்க வழி. வாகமண்ல முதல் பார்க் வந்துச்சு.

இன்னொரு சின்ன தகவல். வெளிநாட்டுக்காரங்க சொந்த வண்டியிலயே இந்தியா வந்தா, 'கார்னெட்'னு ஒரு சுங்கப் புத்தகம் வேணும். வண்டிக்குப் பாஸ்போர்ட் மாதிரி. ஆறு மாசம்தான் கணக்கு.

சாயங்காலம் அந்த மணல்வெளிக்கே திரும்பி வந்தேன். ஈரமான விளிம்புல கூட்டமா கடற்பறவைங்க. பழுப்புத்தலைக் கடற்காகம்னு சொல்வாங்க. மத்திய ஆசியாவோட உயரமான ஏரிகள்ல குஞ்சு பொரிச்சுட்டு, அங்கே தண்ணி உறையறதுக்கு முன்னாடி நம்ம கடற்கரைகளுக்கு வர்ற ஜாதி. அசல் பனிப்பறவை இதுதானே! நெல்லைப் பக்கம் கூந்தன்குளம் போனீங்கன்னா வரித்தலை வாத்து இருக்கும். மங்கோலியா, திபெத் பக்கத்துலேர்ந்து இமயமலையைத் தாண்டி வர்றது. அந்த ஊர்க்காரங்க பறவைங்க மிரளும்னு தீபாவளிக்கு வெடிகூட வெடிக்கிறது இல்லை. ஆனா அதுங்களும் ஒண்ணு பண்ணும், பார்த்தீங்களா? படகு வந்தா நகர்ந்து உக்காரும். தண்ணி ஏறினா மேட்டுக்குப் போகும். சீசன் முடிஞ்சா கிளம்பிடும்.

ஊருக்கு வந்ததும் அப்பாவுக்கு நான் எழுதிக் கொடுக்கிற லிஸ்ட்டுல (கற்பனை அப்பாதான், பயப்படாதீங்க) முதல் வரி: ஜனவரி பொங்கல் கழிச்சுக் கிளம்பு. ரெண்டாவது: ராத்திரிக்கு வண்டி தூத்துக்குடியிலயோ திருச்செந்தூர்லயோ, கழிவறையும் தண்ணியும் இருக்கிற, காசு வாங்கிட்டு இடம் தர்ற ஒரு லாட்ஜ் காம்பவுண்டுல. உப்புக்காத்துல இருந்து அடிச்சட்டியைக் காப்பாத்த அதுவும் ஒரு வழி. கடலோரத்துல ரெண்டு மாசம் நின்னா துரு தின்னுடும். மூணாவது: புன்னைக்காயலுக்குப் பகல்ல போ. பஸ்ல போ. மக்ரூன் வாங்கிட்டுப் போ.

கிளம்புறப்போ அந்தப் பெரியவர்கிட்ட சொல்லிட்டு வரப் போனேன். வலையைச் சுருட்டித் தோள்ல போட்டுக்கிட்டிருந்தார்.

"என்ன தம்பி, எடம் அம்புட்டுச்சா?"

"இல்ல அண்ணாச்சி. பகல்ல மட்டும் வந்துட்டுப் போகச் சொல்லப்போறேன்."

"அப்படின்னா வரச் சொல்லுங்க. பங்குனியில வரச் சொல்லுங்க" என்றவர், நான் நின்னுக்கிட்டிருந்த இடத்தைக் கையால காட்டினார். "இப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வள்ளம் வருது."