நடப்பு நிகழ்வுகளில் நம் வீட்டுச் சாவு

கழிவுநீர்த் தொட்டி மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-இல் எவ்வளவாக உயர்த்தியது? 10 லட்சம், 20 லட்சம், 30 லட்சம், 50 லட்சம். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கவும்.

எங்கள் காலனிப் படிப்பகத்தில் நாங்கள் வைத்த மாதிரித் தேர்வில் இது ஒரு கேள்வி. நடப்பு நிகழ்வுகள் கையேடு ஒன்றிலிருந்து எடுத்தது. கையேட்டில் அது ஒரே ஒரு வரிதான். நாங்களும் அதை ஒரு வரியாகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தோம். "2023 அக்டோபர் 20, பல்ராம் சிங் வழக்கு, 30 லட்சம். மனப்பாடம் பண்ணிக்கோங்க." அவ்வளவுதான். அடுத்த தலைப்புக்குப் போய்விட்டோம்.

தேர்வு முடிந்து எல்லாரும் கிளம்பியபோது ஒரு தங்கை மட்டும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள். விடையைச் சரியாகத்தான் போட்டிருந்தாள். "அக்கா, இது பழைய சாவுக்கும் உண்டா?" என்று கேட்டாள்.

அவள் அப்பா 2021-இல் ஒரு தனியார் விடுதியின் தொட்டிக்குள் இறங்கிச் செத்தவர். இது எங்களுக்குத் தெரியாத விஷயமில்லை. அந்தச் சாவுக்கு மாலையோடு போனவர்கள் நாங்கள். விடுதிக்காரர் 2 லட்சம் ரூபாய் கொடுத்து, இனி எதுவும் கேட்க மாட்டோம் என்று அவள் அம்மாவிடம் எழுதி வாங்கிக்கொண்டார். காவல் நிலையத்தில் 174-ஆவது பிரிவில் சந்தேக மரணம் என்று பதிந்ததோடு சரி. 'கிடைச்ச வரைக்கும் போதும்' என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நாங்களும் வாயைத் திறக்கவில்லை. சமூகவியலில் முதுகலைப் பட்டம், களப்பணியில் பத்தாண்டு அனுபவம் எல்லாம் இருந்தும், அன்று என்ன கேட்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறோம்.

தங்கையின் கேள்விக்குக் கையேட்டில் பதில் இல்லை. அன்றிரவு முழுத் தீர்ப்பையும் இறக்கிப் படித்தோம். 30 லட்சம் இனிமேல் நடக்கும் மரணங்களுக்கு மட்டும் இல்லை; இதுவரை அந்தத் தொகை தரப்படாத குடும்பங்களுக்கும் பொருந்தும் என்று அதில் இருந்தது. இன்னும் பின்னால் போனோம். 2014 மார்ச் 27 அன்று சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் வழக்கில் வந்த தீர்ப்பு, 1993 முதல் இப்படி இறந்தவர்களின் குடும்பங்களை அரசே கண்டறிந்து தலா 10 லட்சம் தர வேண்டும் என்றது. அதாவது 2021-இல் அந்தப் பிணம் வீட்டு வாசலில் கிடந்தபோதே அந்தக் குடும்பத்துக்கு 10 லட்சம் உரிமை இருந்தது. அந்த வாசலில் நின்ற ஒருவருக்கும் அது தெரியவில்லை.

2013-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் எடுத்தோம். 7-ஆவது பிரிவு, பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் எந்த மனிதரையும் கழிவுநீர்த் தொட்டியில் இறக்கக் கூடாது என்கிறது. தனியார், உள்ளாட்சி, ஒப்பந்ததாரர் எல்லாருக்கும் அது பொருந்தும். மீறினால் முதல் முறைக்கு 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 9-ஆவது பிரிவு. 24-ஆவது பிரிவின்படி மாவட்டத்தில் ஒரு கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர்தான் அதன் தலைவர்.

அடுத்த திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். மனுவை எழுதியது தங்கைதான். விடுதிக்காரர் எழுதி வாங்கிய தாள் அரசின் பொறுப்பை நீக்காது என்று ஒரு பத்தி எழுதியிருந்தாள். மனுவை வாங்கிய அலுவலர் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வக்கீல் எழுதினாரா?" என்று கேட்டார். "இல்ல சார், நான் யுபிஎஸ்சி படிக்கிறேன்" என்றாள்.

தோழர்களே, இந்த அனுபவத்துக்குப் பிறகு நாங்கள் வகுப்பெடுக்கும் முறையை மாற்றிக்கொண்டோம். உங்கள் ஊரிலும் படிப்பகம் நடத்துகிறவர்களுக்கு உதவும் என்பதால் அதைச் சொல்கிறோம்.

ஒவ்வொரு தலைப்புக்கும் நோட்டில் நான்கு கட்டம் போடச் சொல்கிறோம். முதல் கட்டத்தில் அரசமைப்பின் எந்த உறுப்பு. இரண்டாவதில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு. மூன்றாவதில் எந்தத் தீர்ப்பு, பெரும்பான்மை என்ன சொன்னது, மாறுபட்ட தீர்ப்பு என்ன சொன்னது. நான்காவதில், நம் மாவட்டத்தில் இதைச் செய்ய வேண்டிய அதிகாரி யார். முதல் மூன்றும் தேர்வுக்கு. நான்காவது நமக்கு. ஆனால் நான்காவதை எழுதியவர்களுக்கு முதல் மூன்றும் மறப்பதில்லை என்பதை நாங்கள் கண்ணால் பார்க்கிறோம்.

இந்த முறையில் சிக்கலான தலைப்புகளையும் தொட முடிகிறது. 2024 ஆகஸ்ட் 1 அன்று, பட்டியல் சாதிகளுக்குள் உள் ஒதுக்கீடு தரலாம் என்று ஏழு நீதிபதிகள் அமர்வு ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. 2004-இன் சின்னையா தீர்ப்பு விழுந்தது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினரின் 18 விழுக்காட்டில் அருந்ததியருக்கு 3 விழுக்காடு என்பது 2009 முதலே இருக்கிறது. எங்கள் படிப்பகத்தில் அருந்ததியர் பிள்ளைகளும் இருக்கிறார்கள், பறையர் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அன்று மாலை கூடத்தில் பாய்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்தன. ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. பெரும்பான்மைத் தீர்ப்பை எதிர்த்தவர்களிடம் அதன் நியாயத்தையும், ஆதரித்தவர்களிடம் நீதிபதி பேலா திரிவேதியின் மாறுபட்ட தீர்ப்பையும் கொடுத்து, ஒவ்வொருவரும் 150 சொற்களில் எழுதி வாருங்கள் என்றோம். 341-ஆவது உறுப்பின் பட்டியலை மாநிலங்கள் தொடலாமா என்பதுதான் அந்த மாறுபட்ட தீர்ப்பின் மையக் கேள்வி என்று பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொன்னார்கள். எல்லாரும் கருத்தை மாற்றிக்கொண்டார்கள் என்று பொய் சொல்ல மாட்டோம். ஆனால் அடுத்த வாரம் பாய்கள் மறுபடியும் கலந்துதான் கிடந்தன.

அதே ஆகஸ்டில் ஒன்றிய அரசின் 45 உயர் பதவிகளுக்கு நேரடி நியமன விளம்பரம் வந்தது. இட ஒதுக்கீடு இல்லை என்ற எதிர்ப்பில் சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது. கையேடுகளில் இது 'நிர்வாகச் சீர்திருத்தம்' என்ற தலைப்பில் வரும். நம் நோட்டில் 16(4) உறுப்புக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு செய்தியை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுகிறோம் என்பதிலேயே பாதி அரசியல் இருக்கிறது.

முதன்மைத் தேர்வின் பொது அறிவு இரண்டாம் தாளில், நலிந்த பிரிவினரைக் காக்கும் சட்டங்கள், அமைப்புகள் என்று பாடத்திட்டமே சொல்கிறது. அந்தத் தாளுக்காகத் தங்கை கழிவுநீர் மரணங்கள் பற்றி ஒரு பயிற்சி விடை எழுதினாள். கையேட்டின் மாதிரி விடை, 'தொழிலாளர்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்' என்று முடிந்திருந்தது. அவள் அந்த வரியை அடித்துவிட்டு, 'தொட்டிக்குள் இறங்குபவருக்கு அதன் ஆபத்து தெரியும். 9-ஆவது பிரிவின் கீழ்த் தண்டனை உறுதியானால் இறக்குபவருக்கும் தெரியும்' என்று எழுதியிருந்தாள். தன் அப்பாவைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. எழுத வேண்டியதும் இல்லை. விடைத்தாள் திருத்துபவர் நம் கண்ணீருக்கு மதிப்பெண் போட மாட்டார். ஆனால் எந்தப் பிரிவைச் சுட்ட வேண்டும், எந்த வரியை அடிக்க வேண்டும் என்பதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தச் சாவுதான்.

முதல்நிலைத் தேர்வின் வினாத்தாள் இன்றுவரை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வருகிறது. தமிழ் வழியில் படித்த நம் பிள்ளைகள் அந்தச் சுவரையும் ஏறிக் குதிக்க வேண்டியிருக்கிறது. தங்கை முதல் முயற்சியில் தேறவில்லை. பட்டியல் சாதியினருக்கு 37 வயது வரை முயற்சிக்கு வரம்பில்லை. அவளுக்கு இப்போது 24.

மனு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒப்புகைச் சீட்டு வந்தது. இரண்டு முறை நினைவூட்டினோம். 'அறிக்கை கோரப்பட்டுள்ளது' என்று ஒரு பதில். மாவட்டக் கண்காணிப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டிருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை. விடப்போவதில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறோம். இந்த வாரம் நீங்கள் படிக்கும் நடப்பு நிகழ்வுகளில் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வரிக்கு உரியவர் உங்கள் தெருவில் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, அந்த வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். எங்களைப் போல இரண்டு ஆண்டு தாமதிக்காதீர்கள்.

ஜெய்பீம்.