கண்மாய்க் கரையில் ஒரு கொடி



மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் சாலை வழியே பயணம் செய்தவர்களுக்கு அருப்புக்கோட்டையைத் தெரிந்திருக்கும். கைத்தறியும் நூற்பாலைகளும் மல்லிகைப் பூவும் இவ்வூரின் அடையாளங்கள். இங்கிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் சென்றால் திருச்சுழி. குண்டாற்றங்கரையில் அமைந்த பழம்பதி. ரமண மகரிஷி 1879ஆம் ஆண்டு பிறந்த ஊர். இரண்டு ஊர்களுக்கும் இடையில் விரிந்து கிடப்பது வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பெய்தால் பருத்தியும் சோளமும் மிளகாயும் மல்லியும் விளையும். பொய்த்தால் சீமைக் கருவேலமே மிஞ்சும். அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுப் பிழைக்க வேண்டியதுதான். வயல் கைவிட்ட வீடுகளிலிருந்து பிள்ளைகள் மூன்று வழிகளில் வெளியேறுகிறார்கள். ஒன்று மில் வேலை, மற்றொன்று கடல் கடந்த வேலை, மூன்றாவது பட்டாளம்.

சென்ற ஆகஸ்ட் 14ஆம் நாள், சுபுஹுத் தொழுகை முடிந்த கையோடு நான் திருச்சுழிப் பேருந்தில் ஏறினேன். உல்லாசப் பயணமன்று அது. ஒரு தாயின் கேள்விக்கு விடை தேடிச் சென்ற பயணம்.

எங்கள் மதரஸாவில் ஓதிய சகோதரர் இருவர். தந்தை இல்லை, தாயார் வீட்டிலிருந்து தைத்துக் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பவர். சில ஆண்டுகளுக்கு முன் மூத்தவன் என்னிடம் வந்து, "ஹஜ்ரத், பட்டாளத்தில் சேரட்டுமா? கொடிக்கு சல்யூட் அடிப்பது கூடுமா? அங்கே தொழ முடியுமா?" என்று கேட்டான். எனக்குத் தெளிவான விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. "பொறு தம்பி, யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். யோசிக்கவில்லை. அவன் மீண்டும் ஒருமுறை கேட்டான். மீண்டும் அதையே சொன்னேன். அன்றைய வயது வரம்பான 21 அவனுக்குக் கடந்துவிட்டது. இன்று அவன் நூற்பாலையில் இரவுப் பணி செய்கிறான்.

இப்போது அவன் தாயார் மதரஸா வாசலில் நின்று கேட்டார்: "ஹஜ்ரத், சின்னவனும் பட்டாளத்துக்குத்தான் போவேன்னு நிக்கிறான். பெரியவனுக்கு நீங்க சொன்னதைக் கேட்டு இருந்துட்டோம். இவனுக்கு என்ன சொல்றீங்க?"

அந்தக் கேள்வியில் கோபமில்லை. அதுதான் என்னை உறங்கவிடவில்லை.

காய்ந்த கண்மாயில் ஓடும் கால்கள்

இளையவன் பயிற்சிக்குச் செல்லும் இடம் திருச்சுழிக்கு அருகே ஒரு கண்மாய். ஆடி மாதத்துக் காற்றில் புழுதி பறக்க, நீரின்றி வெடித்துக் கிடந்தது. அதன் உள்வாயில் முப்பது இளைஞர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். கரைமேல் கையில் கடிகாரத்துடன் நின்றார் ஒரு முதியவர். மதராஸ் ரெஜிமெண்டில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரிடமும் கட்டணம் வாங்காமல் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறார்.

"வாங்க பாய், உக்காருங்க. இவங்க ஓடி முடிக்கட்டும்" என்றார்.

1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் ஓட்டத்துக்கு முழு மதிப்பெண். கம்பியில் பத்து முறை உடலைத் தூக்கினால் அதற்கும் முழு மதிப்பெண். ஒன்பதடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். இவையெல்லாம் உடலுக்கான தேர்வுகள். அந்த முதியவர் வேறொரு தேர்வையும் நடத்திக்கொண்டிருந்தார்.

கழற்றி வைத்த செருப்புகள் எல்லாம் ஒரே வரிசையில் இருந்தன. தாமதமாக வந்த பையனை அவர் திட்டவில்லை. அன்று எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கும் பொறுப்பை அவனிடம் தந்தார். முதலில் ஓடி முடித்தவன் உட்காரக் கூடாது. திரும்பி ஓடிச்சென்று கடைசியில் வருபவனுடன் சேர்ந்து ஓடி முடிக்க வேண்டும். "பாய், முன்னால ஓடுறவன் ஓட்டக்காரன். பின்னால வர்றவனைக் கூட்டிட்டு வர்றவன்தான் சிப்பாய்" என்றார்.

எந்தப் பையன் வீட்டில் யாருக்கு உடல்நலமில்லை, எவன் காலையில் சாப்பிடாமல் வருகிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. நானும் ஓர் ஆசிரியன். என் மாணவர்களில் எத்தனை பேரின் வீட்டை நான் இப்படி அறிவேன் என்று எண்ணிப் பார்த்துத் தலைகுனிந்தேன்.

ஸப்பும் அணியும்

ஓட்டம் முடிந்து அணிவகுப்புப் பயிற்சி தொடங்கியது. தோளுக்குத் தோள் நேராக நின்றார்கள். நாள்தோறும் ஐந்து வேளை நாம் நிற்கும் ஸப்புதான் என் நினைவில் வந்தது. பெருமானார் (ஸல்) அவர்கள் தொழுகைக்கு முன் வரிசையைத் தாமே நேராக்கினார்கள் என்பதை ஹதீஸ்களில் படிக்கிறோம். செல்வந்தரும் சுமை தூக்குபவரும் அங்கே அருகருகே நிற்கிறார்கள். ஒருவர் தக்பீர் சொன்னால் அத்தனை பேரும் கட்டுப்படுகிறார்கள். ஒழுங்கு என்பது நம் வீட்டுக்குப் புதிய விருந்தாளியன்று.

நம் தமிழ் முஸ்லிம்களில் ஒரு பெரும்பிரிவினரான 'ராவுத்தர்' என்போரின் பெயருக்கே குதிரை வீரர் என்றுதான் பொருள். அந்தப் பெயரைத் தாங்கிக்கொண்டு, பட்டாளம் என்றதும் நாம் ஏன் தயங்குகிறோம்?

"கண்ணை மூடிக்கொண்டு கட்டளைக்குப் பணிவது மார்க்கமாகுமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தொழுகையில் இமாம் தவறினால் பின்னால் நிற்பவர் 'ஸுப்ஹானல்லாஹ்' சொல்லித் திருத்த வேண்டும் என்பதே நமது சட்டம். ஒரு படைத்தலைவர் கோபத்தில் தம் வீரர்களைத் தீயில் குதிக்கச் சொன்னபோது அவர்கள் தயங்கி நின்றார்கள். செய்தி நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டியது. நன்மையான காரியத்தில் மட்டுமே கீழ்ப்படிதல் உண்டு என்று அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டமும், சட்டப்படியான கட்டளையை மீறுவதையே குற்றமாகச் சொல்கிறது. கீழ்ப்படிதலுக்கு அங்கும் ஓர் எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது.

துணியா, அமானிதமா?

மறுநாள் சுதந்திர தினம். சுபேதார் தம் பையிலிருந்து தேசியக் கொடியை எடுத்தார். மறுநாள் ஏற்றுவதற்காகப் பையன்களுக்கு மடிக்கக் கற்றுத் தந்தார். காவியும் பச்சையும் நடுவிலுள்ள வெள்ளைக்கு அடியில் செல்ல வேண்டும். பிறகு இருபுறமும் மடித்தால், அசோகச் சக்கரமும் காவி, பச்சையின் சிறு பகுதியும் மட்டும் மேலே தெரியும். அதை இரு உள்ளங்கைகளிலும் ஏந்திச் செல்ல வேண்டும். தரையில் படக் கூடாது.

1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்ட கொடி இது. நீளம் மூன்று பங்கு, உயரம் இரண்டு பங்கு. சக்கரத்தில் 24 ஆரங்கள். கதரில் மட்டுமே நெய்யப்பட்டு வந்த கொடியை 2021 டிசம்பர் முதல் பாலியெஸ்டரிலும் செய்யலாம் என்று விதி திருத்தப்பட்டது. தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு இது பாவும் ஊடையும் சேர்ந்த துணிதான் என்பது தெரியும். பிறகு ஏன் இத்தனை மரியாதை?

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு நடந்த மூத்தாப் போரை நினைத்துப் பாருங்கள். கொடியை ஏந்திய ஸைத் (ரலி) அவர்கள் வீழ்ந்ததும் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஏந்தினார்கள். வலக்கை வெட்டப்பட்டபோது இடக்கையில் பிடித்தார்கள். இடக்கையும் போனபோது மார்போடு அணைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பின் அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) அவர்கள். இறுதியில் காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள். அவர்களில் யாரும் துணியை வணங்கியவர்கள் அல்லர். அல்லாஹ்வைத் தவிர எதற்கும் தலை சாய்க்காதவர்கள். ஒப்படைக்கப்பட்ட பொறுப்பை மண்ணில் விழ விடவில்லை, அவ்வளவுதான். 1932இல் திருப்பூரில் தடியடி பட்டு விழுந்தும் கொடியை விடாத குமரனைத் தமிழகம் 'கொடி காத்த குமரன்' என்று போற்றுவதும் இதே காரணத்தால்தான்.

சல்யூட் என்பது ஸஜ்தா அன்று. வணக்கம் படைத்தவனுக்கு, கொடிக்கு நாம் காட்டுவது, ஒப்புக்கொண்ட அமானிதத்துக்கான மரியாதை. செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை அல்லவா? மூத்தவனுக்கு அன்றே நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இது.

இளையவர் தோளில் ஒரு கை

வெற்றி வீரர்களின் கதைகளை நாம் விரும்பிக் கேட்கிறோம். அவர்களைத் தட்டிக் கொடுத்து வளர்த்தவர்களை மறந்துவிடுகிறோம்.

இருபது வயதைக்கூட எட்டாத உஸாமா (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு படைக்குத் தளபதியாக்கினார்கள். அவர்களின் மறைவுக்குப் பின் கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள் அந்தப் படையை வழியனுப்பச் சென்றார்கள். இளைஞர் வாகனத்தில், முதியவரான கலீஃபா அருகில் நடந்து! உஸாமா இறங்க முயன்றபோது தடுத்துவிட்டார்கள். உமர் (ரலி) அவர்களை மதீனாவிலேயே தம்முடன் விட்டுச் செல்ல அந்த இளம் தளபதியிடம் அனுமதியும் கேட்டார்கள். புறப்படும் படைக்கு அவர்கள் தந்த அறிவுரைகளில் பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் கொல்லாதீர், கனி தரும் மரங்களை வெட்டாதீர் என்பவை இடம்பெற்றன. வாளைக் கொடுக்கும்போதே வரம்பையும் கொடுத்தார்கள்.

நம் நாட்டில் பிரிகேடியர் முஹம்மது உஸ்மான் இருந்தார். பிரிவினையின்போது பாகிஸ்தான் படைக்குச் செல்ல அழைப்பு வந்தும் மறுத்தவர். ஜம்முவின் நவ்ஷேராவில் ஆதரவற்று நின்ற சிறுவர்களைத் திரட்டி, உணவும் கல்வியும் பயிற்சியும் அளித்து 'பாலக் சேனா' அமைத்தார். 1948 ஜூலை 3 அன்று ஜங்கரில் வீரமரணம் அடைந்தார். டில்லி ஜாமியா மில்லியா வளாகத்து மையவாடியில் உறங்குகிறார். 1965 செப்டம்பரில் ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் டாங்கிகளைத் தகர்த்து உயிர் நீத்த பரம்வீர் சக்ரா விருதாளர் அப்துல் ஹமீது, உத்தரப் பிரதேசத்தின் ஒரு தையற்காரக் குடும்பத்துப் பிள்ளை. அந்தத் தாயிடம் இதைச் சொன்னபோது, தம் தையல் எந்திரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை

இனிப்பானதை மட்டும் சொல்லி ஒரு பிள்ளையை அனுப்புவது நேர்மையன்று. சுபேதாரிடம் எல்லாவற்றையும் கேட்டேன். அவரும் ஒளிக்காமல் சொன்னார்.

படையில் முஸ்லிம் வீரர் தாடி வைக்கப் பொதுவாக அனுமதி இல்லை. விமானப்படை வீரர் ஒருவர் தொடுத்த வழக்கில் 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் படையின் விதியையே உறுதி செய்தது. இதை முன்பே தெரிந்துகொண்டு, மனத்தோடு பேசி முடிவெடுக்க வேண்டும். பணி நேரத்தில் தொழுகை தள்ளிப்போகும் நாட்களும் வரும். 2022இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி பணிக்காலம் நான்கு ஆண்டுகள். அதன்பின் நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள் என்று அப்போது அறிவித்தார்கள். மற்றவர்கள் வேறு வேலை தேட வேண்டும். ஆகவே படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடக் கூடாது.

இன்னொரு பக்கமும் உண்டு. பயிற்சி முடிந்து உறுதிமொழி எடுக்கும் 'கசம் பரேடு' நாளில், தேசியக் கொடியின் முன்னிலையில், அவரவர் வேதத்தின் மீது சத்தியம் செய்கிறார்கள். முஸ்லிம் வீரருக்கு அது திருக்குர்ஆன். வேதத்தையும் கொடியையும் எதிரெதிராக நிறுத்தாமல் ஒரே இடத்தில் வைத்திருக்கிறார்கள். படையில் மௌலவிகளும் பணியில் இருக்கிறார்கள். பட்டப்படிப்புடன் ஆலிம் தகுதியும் உடையோரை நாயிப் சுபேதாராகச் சேர்க்கிறார்கள். கலைப் பட்டம் பெற்று மதரஸாவில் பணிபுரியும் எனக்கே இது இத்தனை நாள் தெரியாமல் போயிற்று. எனக்கு வயது கடந்துவிட்டது. இதைப் படிக்கும் இளம் ஆலிம்கள் கவனிப்பார்களாக!

திரும்பி வந்தபின்

புறப்படும்போதுதான் கவனித்தேன். கருவேல மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒருவன் உட்கார்ந்தபடியே உறங்கிக்கொண்டிருந்தான். மூத்தவன். விடியுமுன் முடிந்த இரவுப் பணியிலிருந்து நேராகத் தம்பியை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். தினமும் இப்படித்தானாம். என்னைக் கண்டதும் எழுந்து ஸலாம் சொன்னான். "உனக்கு நான் அன்றே விடை சொல்லியிருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு" என்றேன். "அதெல்லாம் இல்லை ஹஜ்ரத். தம்பிக்குச் சொல்லிடுங்க, போதும்" என்றான்.

அன்று மாலை அந்தத் தாயிடம் சொன்னேன்: "அம்மா, தாடியையும் நான்கு ஆண்டுக் கணக்கையும் அவனிடம் மறைக்காமல் பேசிவிட்டேன். எல்லாம் அறிந்தே போக விரும்புகிறான். மார்க்கத்தின் பெயரால் அவனைத் தடுக்க என்னிடம் காரணமில்லை. துஆச் செய்து அனுப்புங்கள்."

பிறகு மதரஸா அலமாரியைத் திறந்தேன். சென்ற ஆண்டு ஏற்றிய கொடி சாக்குக்கட்டிப் பெட்டிகளுக்கு நடுவே கசங்கிக் கிடந்தது. அதை அங்கே வைத்தவன் நான்தான். துவைத்துக் காயவைத்துத் தேய்த்து, மறுநாள் ஏற்றினோம். மாலையில் இறக்கியபின் பிள்ளைகளை அமரவைத்து, கண்மாய்க் கரையில் கற்றபடி மடிக்கக் கற்றுக் கொடுத்தேன்.

நம் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் அருப்புக்கோட்டையோடு இராமேசுவரமும் சேர்ந்திருந்தது. அங்கே பிறந்து, முப்படைகளின் தலைமைத் தளபதி என்னும் பொறுப்பையும் வகித்த குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்களின் ஜனாஸா 2015 ஜூலை 30 அன்று பேய்க்கரும்பில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் உடல்மீது கொடி போர்த்தப்பட்டிருந்ததை நாடே பார்த்தது. ஆனால் கொடியைக் கப்ருக்குள் இறக்கக் கூடாது என்பது விதி. எத்தனை பெரியவர் மறைந்தாலும் அது மடிக்கப்பட்டு, இருப்பவர்களின் கையில் திரும்ப வருகிறது.

வாசகர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒரு நாள் இப்படி ஒரு கேள்வியோடு உங்கள் முன் நிற்கலாம். "பொறு, யோசித்துச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் அவனையும் அழைத்துக்கொண்டு தெரிந்தவரைத் தேடிச் செல்லுங்கள்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட எல்லா அமானிதங்களையும் பேணி நடக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.