சாய்ஸில் விட முடியாத கேள்வி



பொங்கல் வாழ்த்து அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பாதியில் விட்டுவிட்டுப் போனால் வகுப்பில் தெரிந்தது போலவே எனக்குத் தெரிந்துவிடும்!

ஜனவரி 14 எங்கள் சபையில் புனித தேவசகாயம் திருநாள். என்னிடம் படித்தவர்களில் பெரும்பாலானவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை என்பதால் அவர் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

1712-இல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நட்டாலத்தில், ஒரு நாயர் குடும்பத்தில் பிறந்தவர். பெயர் நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் உத்தியோகம். 1741-இல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் மூலமாகத்தான் நீலகண்டர் இயேசுவைப் பற்றித் தெரிந்துகொண்டார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரைத் தமிழில் 'தேவசகாயம்' என்று வைத்தார்கள்.

கல்யாணமானவர், அரசு உத்தியோகஸ்தர், நம்மைப் போல வீடு வாசல் உள்ளவர். வீட்டுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டு, வெளியே பழையபடி மேல்சாதி மரியாதையோடு நடந்திருக்கலாம். அவர் அப்படி இருக்கவில்லை. சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகினார். எல்லோரும் சமம் என்று வெளிப்படையாகப் பேசினார். மேல்தட்டு ஆட்களின் கோபம் அதனால் வந்தது. 1749-இல் கைது செய்தார்கள். விலங்கு மாட்டி, எருமை மேல் உட்கார வைத்து, ஊர் ஊராக இழுத்துப்போய் அவமானப்படுத்தினார்கள். மூன்று ஆண்டு சித்திரவதைக்குப் பிறகு 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அதற்கு முன்பே, 2020-இல், அவர் பெயரோடு இருந்த 'பிள்ளை' என்ற பட்டத்தை ரோம் எடுத்துவிட்டது. நம் ஆட்கள் பலர் இன்னும் அதைச் சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

நற்செய்தியில் ஒரு பணக்கார வாலிபன் வருவான். கட்டளைகள் எல்லாவற்றையும் சின்ன வயதிலிருந்தே கடைப்பிடித்தவன். இயேசுவுக்கே அவன் மேல் பிரியம். ஆனால் உன்னிடம் ஒன்று குறைகிறது, சொத்தை விற்று ஏழைகளுக்குக் கொடு என்றதும் முகம் வாடிப் போய்விட்டான். எத்தனையோ விடைத்தாள் திருத்திய எனக்கு அந்தப் பையனை நன்றாகத் தெரியும். ஒன்பது கேள்விக்கு முத்து முத்தாக எழுதியிருப்பான். கட்டாயம் எழுத வேண்டிய ஒன்றைச் சாய்ஸில் விட்டிருப்பான்.

தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நாம் சாய்ஸில் விடும் கேள்வி எது என்று கேட்டால், சாதி என்றுதான் சொல்வேன். மற்ற எல்லாவற்றையும் நாம் நன்றாகவே செய்கிறோம். வேளாங்கண்ணிக்கு நடக்கிறோம். தவக்காலத்தில் கவுச்சி தொடுவதில்லை. ஜெபமாலை தவறுவதில்லை. இதில் எதையும் நான் குறை சொல்லவில்லை, நானும் செய்கிறவள்தான். ஆனால் இவற்றில் எதுவும் நம் மரியாதையைக் குறைப்பதில்லை. செய்தால் நாலு பேர் மெச்சுவார்கள். நம்மிடமிருந்து எதையாவது பிடுங்குகிற இடத்தில்தான் விசுவாசம் ஆழமானதா, வசதிக்கானதா என்று தெரியும்.

தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அந்த வடக்கன்குளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே கட்டிய கோயில், கால்சட்டையின் இரண்டு கால் போலப் பிரிந்திருந்தது. ஒரு பக்கம் ஒரு சாதி, மறுபக்கம் மற்ற சாதிகள், நடுவில் தடுப்பு. பீடம் மட்டும் பொது. 1910-இல் கௌசானல் சாமியார் காலத்தில் அந்தத் தடுப்பை எடுத்தார்கள். எங்களுக்குத் தனி இடம் வேண்டும் என்று வேளாளக் கிறிஸ்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எல்லோரும் ஒரே பாத்திரத்திலிருந்து நற்கருணை வாங்குகிறவர்கள். சேர்ந்து உட்காருவதற்கு ஜட்ஜ் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

அது நூறு வருடத்துக்கு முந்திய கதை என்று நினைக்க வேண்டாம். 2008 மார்ச்சில் உளுந்தூர்பேட்டை பக்கம் எறையூரில் கத்தோலிக்கர்களுக்குள்ளேயே சாதி மோதல் வந்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள்.

நம் தர்மபுரிக்கு வருகிறேன். 2012 நவம்பர் 7-ஐ நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு காதல் கல்யாணத்தைக் காரணம் காட்டி நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் காலனிகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடி எரித்தார்கள். பிள்ளைகளின் சர்ட்டிபிகேட்கூட மிஞ்சவில்லை. சரியாக 25 நாள் கழித்து, டிசம்பர் 2 அன்று, நாகர்கோவிலில் தேவசகாயத்துக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்தார்கள். நாங்கள் கொஞ்சம் பேர் வேன் வைத்துப் போனோம்.

தொப்பூர் கணவாய் இறங்கும்போது நத்தம் பேச்சு வந்தது. "பொண்ண இழுத்துட்டுப் போனா ஊரு சும்மா இருக்குமா?" என்றார் ஒருவர். "அது அவங்க பிரச்சன, நமக்கெதுக்கு?" என்றார் இன்னொருவர். நான், "நாம இப்ப யாரோட விழாவுக்குப் போறோம்? அவர எதுக்குக் கொன்னாங்க?" என்று கேட்டேன். சேலம் வரும்வரை வேனில் சத்தமே இல்லை. பிறகு யாரோ ஜெபமாலை ஆரம்பித்தார்கள். எல்லோரும் பக்தியோடு சேர்ந்து சொன்னோம்.

அந்த மௌனம் எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் என்றால் முதல் ஆளாகக் கொடுப்பவர்கள். புனிதரை வணங்க அவர்களுக்குச் சிரமமில்லை. அவர் நின்ற இடத்தில் நிற்பதுதான் சிரமம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். வகுப்பில் சாதிச் சான்றிதழ் வாங்கிச் சரிபார்த்தவள் என்பதால் எனக்கு இது தெரியும். 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதிச் சலுகை இந்துக்களுக்கு மட்டும்தான் இருந்தது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. ஆதிதிராவிடக் குடும்பம் கிறிஸ்தவம் என்று எழுதினால், நம் மாநிலத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடும். அப்படி எழுதி, கிடைத்திருக்கக்கூடிய வேலையை இழந்த குடும்பங்கள் உண்டு. பிள்ளையின் படிப்புக்காக ரெக்கார்டில் இந்து என்றே வைத்துக்கொண்டு, ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருபவர்களும் உண்டு. இவர்களைப் பார்த்து "சர்ட்டிபிகேட் கிறிஸ்தவங்க" என்று நம்மில் சிலர் கேலி பேசுவதைக் கேட்டிருக்கிறேன். வயிற்றுப்பாட்டுக்குப் பயந்து ஒருவர் செய்வதை வசதி என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்றையும் இழக்காமல், இயேசுவையும் வைத்துக்கொண்டு சாதியையும் வைத்துக்கொள்கிற நாம்தான் வசதியான கிறிஸ்தவர்கள்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்று உறவுகளுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிள்ளைகள் இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். என் தங்கை மகனுக்குத் தை மாதக் கடைசியில் கல்யாணம். பெண் அதே பங்கைச் சேர்ந்தவள், நர்சிங் படித்தவள், பாடகற்குழுவில் பாடுகிறவள். சாதி வேறு. ஓலை வாசித்தாயிற்று. ஆனால் நம் சொந்தத்தில் சிலர், "கோயில்ல தாலி கட்டுனா மட்டும் எல்லாம் ஒண்ணாயிடுமா? நாங்க வரல" என்று தங்கைக்குப் போன் செய்திருக்கிறார்கள். அவள் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

பெயர் சொல்ல மாட்டேன். அண்ணனாக, அத்தையாக, மாமாவாக நான் மதிக்கிற பெரியவர்கள் அவர்கள். என்னைத் தூக்கி வளர்த்தவர்களும் அதில் உண்டு. அதனால் கோபமாக இல்லை, கெஞ்சித்தான் கேட்கிறேன். வீட்டில் தேவசகாயம் படம் மாட்டியிருக்கிறீர்கள். ஒரு தடவை அவர் எதிரே உட்கார்ந்து, நாங்கள் ஏன் கல்யாணத்துக்குப் போகவில்லை என்ற காரணத்தை அவரிடம் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் வரவேண்டாம்.

பணம், பதவி, பழைய பகை என்று ஒவ்வொருவருக்கும் அவரவர் கட்டாயக் கேள்வி இருக்கும். வேறு மதத்தில் இருக்கும் என் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். உங்கள் சாமி உங்களிடம் எதை விடச் சொல்கிறதோ, அதை விடாமல் மற்ற எல்லாவற்றையும் செய்துகொண்டிருக்கிறீர்களா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கு என் பழைய மாணவர்கள் எல்லோரும் வரலாம். பத்திரிகை வேண்டுமென்றால் கமெண்டில் சொல்லுங்கள், அனுப்புகிறேன். எந்த வீட்டார் வருகிறார்கள், வரவில்லை என்று பார்க்காமல் முந்நூறு பேருக்குச் சமையல் சொல்லியிருக்கிறோம். எல்லோருக்கும் ஒரே பந்திதான். பரிமாற ஆள் குறைந்தால் உங்களில் நாலு பேர் சட்டைக் கையை மடித்துவிட்டு இறங்க வேண்டியிருக்கும்.

ஆசீர்வாதங்களுடன்,
உங்கள் டீச்சர்