மன்னாவுக்குச் சுண்ணாம்பு

மெஞ்ஞானபுரம் தூய பவுல் கோயிலின் கோபுரம் 192 அடி உயரம். எங்கள் பனங்காட்டு மேட்டில் ஏறி நின்றால் அதன் நுனி தெரியும். அந்தக் கோபுரத்தடியில் சிறு வயதில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், ஒன்றுகூட நினைவில்லை. ஆச்சியின் அடுக்களையில் கேட்டதெல்லாம் அப்படியே இருக்கிறது.

பிள்ளைகளுக்கு வேதம் கற்றுக்கொடுக்கிறோம் என்ற நினைப்பே ஆச்சிக்குக் கிடையாது. கைவேலை முடியவேண்டும், நாங்கள் காலைச் சுற்றாமல் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும், அவ்வளவுதான். சுளகில் புடைக்கும்போது பதர் பறந்தால் அதற்கொரு கதை. வீடு பெருக்கும்போது காணாமல்போன வெள்ளிக்காசு. ஆப்பத்துக்கு மாவு கரைத்து மூடினால், மாவுக்குள் புளிப்பை அடக்கிவைத்த அந்தப் பெண். கொளுத்திய விளக்கை மூடிவைக்கக் கூடாது என்று ஆண்டவர் சொன்ன மரக்கால், எங்கள் குதிர் ஓரத்தில் கவிழ்ந்து கிடக்கும். இதுதாம்ல அது என்று ஆச்சி அதைத் தட்டிக் காட்டுவாள். பெத்லகேமும் நாசரேத்தும் உடன்குடிக்கு அடுத்தாற்போல் எங்கோ இருக்கின்றன என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். நாசரேத் என்ற ஊர் எங்கள் பக்கத்திலேயே இருந்ததால் சந்தேகப்படவும் வழியில்லை.

பங்குனி, சித்திரையில் பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலிக்குப் போவோம். இறக்கிவந்த பதநீரைப் பெரிய சட்டியில் ஊற்றிக் காய்ச்சுவார்கள். பதநீர் இறுகிக் கருப்பட்டிப் பதம் வருவதற்குச் சற்று முன்னால் கூப்பனி. ஆளுக்கொரு சிரட்டையில் வாங்கி, சூடு பொறுக்காமல் கைமாற்றி கைமாற்றி நக்குவோம். அப்படி ஒருநாள் ஆச்சி மன்னா கதையைச் சொன்னாள். வனாந்தரத்தில் காலையில் வானத்திலிருந்து விழும். தேன் மாதிரி இனிக்கும். அன்றன்றைக்கு வேண்டியதைத்தான் பொறுக்கவேண்டும். மறுநாளைக்கு வைத்தால் புழுத்து நாறிவிடும். கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்து தெரியுமுன்னே தெரியும். அந்தத் தைரியத்தில் கேட்டேன்: "மன்னாவுக்கு யாரும் சுண்ணாம்பு தடவலையா ஆச்சி?"

துடுப்பை நிறுத்தாமல் சொன்னாள்: "தடவியிருந்தா எல்லாவனும் பத்து நாளைக்குச் சேத்து வச்சிருப்பாம்ல. பொறவு அடுத்த வீட்டுக்காரனுக்கு என்ன மிஞ்சும்?"

மன்னாவைப் பற்றிப் பிறகு எவ்வளவோ வாசித்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவர் யாருமில்லை. அதே பதநீரைக் கருப்பட்டியாக்கிப் பரணில் வருஷத்துக்குச் சேர்த்து வைத்திருந்தோமே, அதென்ன கணக்கு என்று கேட்கத்தான் அன்றைக்குத் தோன்றவில்லை.

வேதத்தை இப்படி அன்றாட வேலையோடு சேர்த்துச் சொல்வது ஆச்சி கண்டுபிடித்த வழியுமல்ல. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வேதக் கதைகளைக் குறவஞ்சியிலும் ஏற்றப்பாட்டிலும் இறக்கிவைத்தவர். ராத்திரி குடும்ப ஜெபத்தில் நாங்கள் பாடியவற்றிலும் அவருடைய கீர்த்தனைகள் உண்டு. பாட்டு முடிந்ததும் ஆளுக்கொரு வசனம் சொல்லவேண்டும். சொன்னால்தான் சோறு. பசியில் எல்லாப் பிள்ளைகளும் யோவான் 11:35-ஐத்தான் சொல்வோம். வேதத்திலேயே சின்ன வசனங்களில் அது ஒன்று.

எல்லாவற்றையும்விட ஆழமாகப் பதிந்தது பிடி அரிசி. காலையில் ஆச்சி உழக்கால் அளந்து அரிசியைச் சட்டியில் போடுவாள். களையுமுன்னே அதிலிருந்து ஒரு பிடி அள்ளி மூலையிலுள்ள சிறு கலயத்தில் போடவேண்டும். அந்த வேலை எங்களுக்கு. ஆச்சி பிடி பெரியது, என் பிடி சின்னது. அதனால் என்னைவிட்டுப் போடச்சொன்னால் வீட்டுக்கு லாபம்தான். ஆனால் விரலிடுக்கில் வழிந்ததைத் திரும்பச் சட்டியில் சேர்க்க விடமாட்டாள். "அது கலயத்துக்குப் போன அரிசி" என்பாள். குறுவை அரிசி விலையேறிச் சாப்பாடு ஒரு வேளைக் கஞ்சியாகச் சுருங்கிய மாதங்களிலும் அந்தப் பிடி நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கலயத்தைக் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவோம்.

அந்த அரிசி எங்கே போகிறது என்று கேட்டால் 'தெலுங்கு நாட்டுக்கு' என்பாள். அதில் உண்மை உண்டு. 1903-இல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், வெள்ளைக்காரர் காசை எதிர்பாராமல், தன் ஆட்களைத் தோர்ணக்கல் பக்கம் அனுப்பியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளைக்காரர். 1912-இல் தோர்ணக்கல் ஆயரானார். அவர் காலத்தில் அங்குள்ள ஏழைப் பெண்களும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்துவைத்தார்கள்.

எல்லாம் பொன் என்று சொல்ல மாட்டேன். நல்ல சமாரியன் கதையை வாய் வலிக்கச் சொன்ன அதே வீட்டில், துணி வெளுக்க வந்தவருக்குச் சோறு வாசலில்தான், அதுவும் அவர் கொண்டுவந்த பாத்திரத்தில்தான். பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அதற்கு ஆச்சி ஒரு கதையும் சொன்னதில்லை. அடுக்களையில் கற்றது வேதம் மட்டும் இல்லை.

இன்று குதிர் இல்லை, மரக்கால் இல்லை, விடிலிகள் அருகிவிட்டன. அரிசி பையில் வருகிறது. புடைக்கப் பதர் இல்லை. கோடை விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கலர் படமும் செய்கைப் பாட்டும் கிடைக்கின்றன. குறை சொல்ல ஒன்றுமில்லை, எங்களுக்குக் கிடைத்த கிள்ளும் அடியும் அங்கே இல்லை. காணிக்கைதான் உறைக்குள் போய்விட்டது. அப்பா ரூபாயை வைத்து ஒட்டிக் கொடுக்கிறார், பிள்ளை பையில் போடுகிறது. வீட்டில் எது குறைந்தது என்று அதற்குத் தெரிய வழியில்லை.

வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் உறையை நீங்கள் ஒட்டிக் கொடுக்காதீர்கள். நாளைக்கு உலை வைக்கும்போது அதைக் கூப்பிட்டு அரிசிப் பக்கத்தில் உட்காரவையுங்கள். ஒரு பிடி அதுவே அள்ளட்டும், சிந்தினால் சிந்தட்டும்.