பழைய கேம்ஷாப்டும் புதிய டாப்பெட்டும்

சிக்கனத்தையும் உலோபத்தையும் ஒன்றெனக் கருதும் மயக்கம் நம்மிடையே நெடுநாளாக நிலவி வருகிறது. அவற்றின் பேதத்தை எனக்குத் தெளிவுறக் காட்டியது வடசேரியில் உள்ள ஒரு மோட்டார்ப் பட்டறை.

எங்கள் குடும்பத்தின் பழைய அம்பாசிடர் காருடைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் புதுப்பிப்பதற்காக அங்கே வந்து சேர்ந்தபோது, வேறோரிடத்தில் அதைப் பிரித்தவர்கள் எட்டு டாப்பெட்டுகளையும் வரிசை குறிக்காமல் ஒரே டப்பாவில் போட்டுவிட்டிருந்தனர். எது எந்தத் துளைக்குரியது என்று எவராலும் சொல்ல இயலவில்லை. ஆகவே டாப்பெட்டுகளைப் புதிதாகப் போடுவது அவசியமாயிற்று. கேம்ஷாப்டையும் மாற்ற வேண்டுமா என்பதே எஞ்சிய வினா.

கிராங்க்ஷாப்ட் இருமுறை சுழலும்போது ஒருமுறை சுழலும் கேம்ஷாப்டின் மேடுகள், டாப்பெட்டுகளைத் தூக்கி, புஷ்ராடு, ராக்கர் வழியாக வால்வுகளைத் திறக்கின்றன. இவ்வகை எஞ்சின்களில், தட்டையாகத் தோன்றும் டாப்பெட்டின் அடிமுகம் பொதுவாகக் கண்ணுக்குப் புலப்படாத அளவு குவிந்தும், மேட்டின் முகம் சற்றே சாய்ந்தும் அமைந்திருப்பதால், டாப்பெட் ஏறி இறங்குகையில் தானும் சுழன்று தேய்மானத்தைச் சமமாகப் பரப்பிக்கொள்கிறது. இவ்வாறு ஒரு மேட்டோடு இழைந்து தேய்ந்த டாப்பெட்டை மற்றொரு மேட்டின்மீது வைத்தால் இரண்டுக்கும் நாசம் விளையும். குறையற்ற பழைய மேட்டோடு புதிய டாப்பெட்டோ பெரும்பாலும் இணங்கிவிடும்.

கோயில் ஆபரணங்களுக்குப் பிரசித்தி பெற்ற இவ்வூரின் பொற்கொல்லர் கல்லைச் சோதிப்பதுபோல, பட்டறையின் முதிய ஆசான் ஒவ்வொரு மேட்டையும் விரல் நகத்தால் தடவி, மைக்ரோமீட்டரால் அளந்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இறுதியில், "கேம்ஷாப்டுக்கு ஒரு கொறையும் இல்ல, கேட்டியளா! டாப்பெட்ட மட்டும் புதுசு போட்டாப் போதும்" என்றார். ஒரு மேட்டில் குழி கண்டிருந்தாலும் கேம்ஷாப்டையே தள்ளியிருப்பார் என்பதை அவர் அளந்த சிரத்தையே உணர்த்தியது. எண்ணெய் தடவிய புதிய டாப்பெட்டுகள் தம் பாரத்தாலேயே துளைகளில் மெல்ல இறங்குகின்றனவா என்றும் பார்த்தார். முதல் ஓட்டத்தில் எஞ்சினை மந்தகதியில் விடாமல், நிமிடத்துக்குச் சுமார் 2000 சுற்று வேகத்தில் இருபது நிமிடம் ஓடவிட்டார். மந்தகதியில் மேடுகளுக்கு எண்ணெய் போதிய அளவு தெறிப்பதில்லை.

2014-இல் உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி நின்றுவிட்டபின், புதிதென்று கடையில் கிடைக்கும் உறுப்பெல்லாம் மூல உறுப்பின் தரத்துக்கு ஈடாகும் என்று நம்புவதற்கில்லை. சோதியாமல் காப்பது உலோபம்; சோதியாமல் எறிவது விரயம். பழைய இரும்பென்று எடைக்குப் போகும் கேம்ஷாப்டுகள் யாவும் அதற்குமுன் ஒருமுறையேனும் இத்தகைய கைகளில் அளக்கப்படுமானால், அவற்றுள் பல இன்னும் நெடுங்காலம் உழைக்கும் என்பது என் திடமான நம்பிக்கை.