பரணில் கிடந்த விமானம்

பழையதைப் பழுதுபார்ப்பதைவிடப் புதியதை வாங்கிவிடுவது எளிது என்று சொல்வோர் பெருகிவிட்ட காலம் இது. பொருளுக்கு மட்டுமன்று, உறவுக்கும் அதே கணக்கைப் போடத் தொடங்கிவிட்டோம். அந்தக் கணக்கு எவ்வளவு பிழையானது என்பதைக் கடந்த தவக்காலத்தில், பனித்திட்டில் உள்ள நம் வீட்டுப் பரணில் கிடந்த ஓர் அட்டைப் பெட்டி நமக்குக் கற்பித்தது.

பெட்டிக்குள் இருந்தது பாதி ஒட்டப்பட்ட ஒரு பிளாஸ்டிக் மாதிரி விமானம். இரண்டு எஞ்சின்கள், இரண்டு வால்தண்டுகள், நடுவே விமானி அமரும் கூண்டு கொண்ட அமெரிக்க 'பி-38 லைட்னிங்' விமானத்தின் வடிவம் அது. உண்மை விமானத்தில் 32-இல் ஒரு பங்கு அளவு. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய நம் தாய்மாமன் (ஊரார் வழக்கில் 'சொல்தா') 1976-ஆம் ஆண்டு ஊருக்கு வந்தபோது அதை நம் தமையனாருக்குப் பரிசளித்தார். அண்ணனுக்கு அப்போது 13 வயது, நமக்கு 9. பசைக்குழாயைத் தொட நமக்கு அனுமதியில்லை. அருகே அமர்ந்து பார்ப்பதே நம் பங்கு. வால்தண்டுகளை இறக்கையோடு ஒட்டிய நிலையில் அண்ணன் விடுதிப் பள்ளிக்குச் சென்றுவிட்டார். விமானம் பரண் ஏறிற்று.

வாசகர்களிடம் ஒளிப்பானேன்? அந்த அண்ணனுக்கும் நமக்கும் ஒன்பது ஆண்டுகளாகப் பேச்சில்லை. தந்தையார் விட்டுச் சென்ற தென்னந்தோப்பின் வேலி ஓரடி இப்பாலா அப்பாலா என்பதில் தொடங்கிய வழக்கு. அவர் வில்லியனூரில், நாம் இங்கே. தவக்காலந்தோறும் நோன்பிருப்போம், சிலுவைப்பாதை செய்வோம், அந்த ஒன்றை மட்டும் தொடமாட்டோம். பெட்டியை எறிந்துவிடத்தான் முதலில் எண்ணினோம். எறிய மனம் வரவில்லை. நாற்பது இரவுகள் இருக்கின்றனவே, இதைச் செப்பனிட்டு முடிப்போம் என்று உட்கார்ந்தோம்.

இந்த வகை விமானத்துக்கு, கடலோரத்தில் வாழ்வோர் அறிய வேண்டிய ஒரு வரலாறு உண்டு. 'குட்டி இளவரசன்' என்னும் நூலைப் பலர் அறிந்திருப்பர். வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேரே மொழிபெயர்க்க, க்ரியா பதிப்பகம் 1981-இல் அதைத் தமிழில் வெளியிட்டது. அதன் ஆசிரியர் அந்துவான் து செந்த்-எக்சுபெரி 1900-இல் லியோன் நகரில் பிறந்தவர், இயேசு சபையாரின் பள்ளியில் பயின்றவர், தொழிலால் விமானி. இரண்டாம் உலகப்போரில், இளைஞர்களுக்கே உரிய இந்த வேக விமானத்தை 44 வயதில் ஓட்டினார். பழைய விபத்துகளின் காயங்களால், பிறர் உதவியின்றி விமானிக்குரிய உடையைக்கூட அவரால் அணிய இயலாது. 1944 ஜூலை 31 அன்று கோர்சிகாத் தீவிலிருந்து புறப்பட்டவர் திரும்பவே இல்லை.

54 ஆண்டுகள் கழிந்தன. 1998 செப்டம்பரில், மார்செய் நகருக்குத் தெற்கே ரியூ தீவை ஒட்டிய கடலில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ழான்-குளோத் பியான்கோ என்பவரின் இழுவலையில், கடற்படிவு மூடிய ஒரு வெள்ளிக் கைச்சங்கிலி வந்தது. அதில் செந்த்-எக்சுபெரியின் பெயரும் அவர் மனைவியின் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன. அந்த மீனவரைப் பலர் நம்பவில்லை. அவரே செய்து போட்ட ஏமாற்று என்றும் பேசினர். 2000-ஆம் ஆண்டில் லூக் வான்ரெல் என்னும் முக்குளிப்பாளர் அதே கடற்பகுதியில் விமானத்தின் சிதைவுகளைக் கண்டார். 2003-இல் சில துண்டுகள் மேலே கொண்டுவரப்பட்டன. ஒன்றில் 2734 என்ற தயாரிப்பு எண் இருந்தது. செந்த்-எக்சுபெரி ஓட்டிய விமானமே அது என்று 2004 ஏப்ரலில் உறுதியாயிற்று. மீனவரின் சொல் மெய்ப்பட ஐந்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இந்த வரலாற்றில் நம்மைப் பிடித்து நிறுத்தியது வேறொரு செய்தி. போர் விமானமாகிய பி-38-இன் மூக்கில் நான்கு இயந்திரத் துப்பாக்கிகளும் 20 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்றும் உண்டு. செந்த்-எக்சுபெரி ஓட்டியதோ 'எஃப்-5பி' என்னும் மாற்று வடிவம். அதில் ஆயுதங்கள் அனைத்தையும் அகற்றிவிட்டு, அந்த இடத்தில் நிழற்படக் கருவிகளை வைத்தனர். எதிரியின் வானில் அவர் வெறுங்கையோடுதான் பறந்தார். நம் பெட்டியில் இருந்தது துப்பாக்கி விமானம். அதைக் கருவி விமானமாக மாற்றுவது என்று முடிவு செய்தோம்.

பழைய மாதிரியைத் திருத்துவது பொறுமைக்கு வைத்த தேர்வு. பாகங்கள் அச்சிலிருந்து எளிதாக விடுபடப் பூசிய எண்ணெய் இன்னும் ஒட்டியிருக்கும். அதன்மேல் வண்ணம் நிற்காது. ஆகவே எல்லாவற்றையும் சோப்பு நீரில் கழுவி உலர்த்தினோம். வளைந்திருந்த பாகங்களை வெந்நீரில் நனைத்து மெல்ல நிமிர்த்தினோம். அக்கால அச்சுகளில் தகடுகளின் விளிம்புகளும் ஆணித்தலைகளும் மேடாகப் புடைத்து நிற்கும். அரை மில்லிமீட்டர் மேடு என்றால், உண்மை விமானத்தில் அது 16 மில்லிமீட்டர்! அவற்றை நீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்து மட்டமாக்கி, இரும்பு அளவுகோலை அணைத்து ஊசியால் புதிய கோடுகள் கீறினோம். ஒரு பக்க இறக்கைக்கே எட்டு இரவுகள் ஆயின.

விமானி அறை ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. மாத்திரை அட்டையின் பின்புறத் தாளை நறுக்கி இருக்கை வார்கள் செய்தோம். பாகங்களைத் தாங்கி நின்ற பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்திச் சுடருக்குச் சற்று மேலே காட்டி, இளகியதும் இருபுறமும் இழுத்தால் தலைமயிர் போன்ற இழை கிடைக்கும். அதுவே கம்பிகளும் குழாய்களும் ஆயிற்று. பிறகு மூக்கு. துப்பாக்கித் துளைகள் ஐந்தையும் பிளாஸ்டிக் துண்டுகளால் அடைத்து, பட்டி பார்த்து, தேய்த்து மறைத்தோம். பக்கங்களிலும் அடியிலும் சாளரங்கள் வெட்டி, இனிப்புப் பெட்டியின் தெளிந்த மூடியிலிருந்து நறுக்கிய துண்டுகளைப் பதித்தோம். சுட்டுக்கொண்டிருந்த இடத்தில் பார்க்கும் கண் வந்தது.

மூக்கடியில் ஒரு சக்கரமும் இறக்கையடியில் இரண்டும் கொண்டு நிற்கும் விமானம் இது. மாதிரியில் மூக்குப்பக்கம் எடை போதாவிட்டால், அது வாலில் குந்திவிடும். எடைக்கு எங்கே போவது? அடுத்த வீட்டு மீனவர் தம் வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயக் குண்டுகள் சிலவற்றைக் கொடுத்தார். மார்செய் மீனவரின் கதையைச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "வலையில வந்தத வந்ததுன்னு சொன்னதுக்கா நம்பல? அந்த ஆளு எப்படித் தூங்குனாரோ!" என்றார். அன்றிரவு நமக்கும் தூக்கம் வரவில்லை. வேலி நட்ட நாளில் அண்ணன் ஒன்று சொன்னார்: "அப்பா என்னிடம் காட்டிய எல்லை இதுதான்." நாம் அதைப் பொய் என்று சொன்னோம். நம் கையில் சான்று ஏதும் இருந்ததா? இல்லை.

இனி மிஞ்சியது அண்ணனின் கைவேலை. இடது வால்தண்டு சற்றே சாய்ந்திருந்தது. இணைப்பைப் பிரித்து நேராக ஒட்டலாம் என்று கத்தியை வைத்தோம். அசையவில்லை. அப்போதுதான் இந்தப் பசையின் தன்மை நினைவுக்கு வந்தது. நாம் தாளுக்குத் தடவும் கோந்து, இரு பொருள்களுக்கு நடுவே நின்று அவற்றைப் பிடித்துக்கொள்வது. ஈரம் பட்டால் விட்டுவிடும். பிளாஸ்டிக் மாதிரிகளின் பசை அவ்வாறன்று. அது இரு பாகங்களின் ஓரங்களையும் கரைத்து இளக்குகிறது. இளகிய இரண்டும் ஒன்றோடொன்று கலக்கின்றன. பசை ஆவியாகிப் போகிறது. எஞ்சுவது ஒரே பிளாஸ்டிக். 13 வயதுச் சிறுவன் அவசரமாக ஒட்டிய இணைப்பு, கடற்காற்றையும் பரண் வெப்பத்தையும் இத்தனை ஆண்டுகள் தாங்கி நின்றது. அதைப் பிரிக்க முடியாது, அறுக்கத்தான் முடியும்.

கத்தியைக் கீழே வைத்தோம். சாய்வைச் சாய்வாகவே விட்டு, இடைவெளியில் மட்டும் பட்டி பூசித் தேய்த்தோம்.

காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் போய் உடன்பிறந்தானோடு ஒப்புரவாகு என்ற ஆண்டவரின் கட்டளையை எத்தனை முறை திருப்பலியில் கேட்டிருப்போம்! ஒரு பிளாஸ்டிக் துண்டு வந்து விளக்க வேண்டியிருந்தது. ஒருவர் மட்டும் இளகினால் ஒட்டாது. இருவரும் இளக வேண்டும். ஆனால் யாரேனும் ஒருவர் முதலில் பசையைத் தொட வேண்டுமல்லவா?

வேவு விமானங்களுக்கு நீல வண்ணம் பூசும் வழக்கம் இருந்தது. நாமும் அவ்வண்ணமே தேர்ந்தோம். ஈரக்காற்று வீசும் மாலையில் பூசினால் வண்ணம் வெளுத்துப் பூத்துவிடும் என்பதால், வெயில் ஏறிய முற்பகல்களில் பூசி முடித்தோம். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாள், விமானத்தை அட்டைப் பெட்டியில் வைத்து மடியில் ஏந்தியபடி வில்லியனூருக்குப் பேருந்து ஏறினோம். லூர்து அன்னை திருத்தலத்தில் சற்று நேரம் முழந்தாளிட்டிருந்து, கால் நடுங்க அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினோம்.

அவர் திறந்தார். நம்மையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தார். விமானத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். "மூக்கில் துப்பாக்கி இருந்ததே, எங்கே?" என்றார். "எடுத்துவிட்டோம் அண்ணா" என்றோம். அவர் விரல் இடது வால்தண்டின் இணைப்பில் போய் நின்றது. "இது நான் ஒட்டியது. கோணல்." "கோணல்தான்; ஆனால் விடவில்லை" என்றோம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே பார்த்து, "தம்பி வந்திருக்கிறான், இலை போடு" என்று அண்ணியாரிடம் சொன்னார்.

தோப்பின் எல்லை இன்னும் அளக்கப்படவில்லை. இருவரும் சேர்ந்து நின்று அளப்பதாகப் பேச்சு. அதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது மிகையாகும். ஆனால் விமானம் இப்போது அண்ணன் வீட்டு மாடத்தில், திரு இருதயப் படத்துக்குக் கீழே, மூக்கு தாழாமலும் வால் குந்தாமலும் மூன்று சக்கரங்களில் நிற்கிறது.

அன்பர்களே, உங்கள் இல்லத்துப் பரணிலும் பாதியில் நின்றுபோன ஏதோ ஒன்று தூசி படிந்து கிடக்கக்கூடும். அடுத்த தவக்காலம் வரை காத்திராமல், இன்றே ஏணியை எடுத்து வையுங்கள்.